முதல் இரண்டு வகுப்புகளுக்குப் பாட்டு: சரளி வரிசையா, விளையாட்டுப் பாட்டா?

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு இசையை ஒப்புக்கு இல்லாமல் முறையாகக் கற்றுத்தருவது என்று ஒரு பள்ளி தீர்மானித்துவிட்டால், உடனே எழும் கேள்வி எந்த வழியில் என்பதுதான். வாரத்துக்கு 40 நிமிடத்தில் 2 பாடவேளை, ஒரே ஆசிரியர், 30 முதல் 35 குழந்தைகள், ஒரு வகுப்பறை, கொடுத்து வைத்திருந்தால் வெளியே ஒரு மரத்தடி. நம் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றால் ஒதுக்க முடிவது இவ்வளவே. இந்த அளவுக்குள் நின்று பார்த்தால் நான்கு வழிகள் தெரிகின்றன. கர்நாடக இசையின் தொடக்கச் சுரப் பயிற்சியான சரளி வரிசையில் தொடங்கலாம். குழந்தைகளுக்கென்று வடிவமைத்த தாளக் கருவிகளை வாங்கி வைக்கலாம். திரையில் பாட்டுக் காணொலிகளை ஓடவிட்டுக் கூடப் பாடவைக்கலாம். அல்லது குழந்தைகளின் பாட்டு விளையாட்டுகளையே வரிசைப்படுத்திப் பாடமாக்கலாம். நான் நான்காவது வழியைச் சொல்பவள். ஆனால் அதை ஒரு நிபந்தனையோடு சொல்கிறேன். அந்த நிபந்தனை இல்லாவிட்டால் மற்ற மூன்றில் எதுவும் அதைவிட மேல்.

சரளி வரிசையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் பாட்டு வகுப்பு என்றாலே பெற்றோர் மனத்தில் எழுவது அதுதான். புரந்தரதாசர் (1484–1564) வகுத்தவை என்று மரபு சொல்லும் இந்தப் பயிற்சிகள் மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்தவை. அந்த ராகத்தைத் தேர்ந்ததற்கு நல்ல காரணம் உண்டு. ஸ–ரி, க–ம, ப–த, நி–ஸ ஆகிய இணைகள் அரைச்சுர இடைவெளியில் நெருங்கி நிற்க, ரி–க, த–நி இரண்டும் நன்றாக விலகி நிற்பதால், ஸ்தாயியின் (ஸ முதல் மேல் ஸ வரையிலான எல்லையின்) கீழ்ப்பாதியும் மேற்பாதியும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். கீழே பழகிய குரல் மேலே அதையே திரும்பச் செய்தால் போதும். எதிரே மூன்று நான்கு பிள்ளைகளை உட்காரவைத்து, ஒவ்வொருவர் குரலையும் தனித்தனியாகத் திருத்தும் ஆசிரியரிடம் ஒன்பது பத்து வயதில் இதைக் கற்கும் பிள்ளைக்கு, இதைவிட உறுதியான அடித்தளம் வேறு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

சிக்கல் வயதிலும் எண்ணிக்கையிலும் இருக்கிறது. ஐந்து, ஆறு வயதுக் குழந்தையின் குரல் சிரமமில்லாமல் உலவக்கூடிய எல்லை ஐந்தாறு சுரங்கள்தான். 2 கட்டைச் சுருதி (கட்டை என்பது ஸ நிற்கும் உயரத்தைச் சொல்லும் அளவு) வைத்துக்கொண்டால் மத்திய ஷட்ஜமத்திலிருந்து (ஸ) பஞ்சமம் (ப) வரை, மிஞ்சிப்போனால் தைவதம் (த) வரை. சரளி வரிசையின் முதல் வரியோ மேல் ஷட்ஜமம் வரை முழு ஸ்தாயியையும் கேட்கிறது. ஆசிரியை தன் வசதிக்கு, அதற்குக் கீழே நிற்கும் 5 கட்டையில் சுருதி வைத்தால் கீழ் ஷட்ஜமம் குழந்தைகளின் தொண்டைக்குள் அமுங்கி வெறும் பேச்சாகிவிடுகிறது. 2 கட்டையில் வைத்தால் மேல் ஷட்ஜமத்துக்குக் கத்துகிறார்கள். அதோடு, ஏறும் முதல் படியே அரைச்சுரம். 35 குரல்கள் சேர்ந்து பாடும்போது சுத்த ரிஷபம் (தாழ்ந்த ரி) மெல்ல மெல்லச் சதுச்ருதி ரிஷபத்தை (உயர்ந்த ரி) நோக்கி நகர்ந்துவிடும்; யார் குரல் நகர்ந்தது என்று அந்தக் கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியாது. இதற்கு நடுவில் ஆதி தாளத்துக்கு ஒரு தட்டு, மூன்று விரல், இரண்டு முறை தட்டும் வீச்சும் என்று கையும் தனியாக வேலை செய்ய வேண்டும்.

நான் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் ஆண்டில் ஒன்றாம் வகுப்பில் இதைத்தான் செய்தேன். ஜூனில் சரளி வரிசை, ஆண்டு விழாவுக்கு ஒரு கீதம் (எளிய தொடக்கப் பாட்டு) என்பது திட்டம். டிசம்பரில் குழந்தைகள் சுரங்களை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) தடங்கலில்லாமல் ஒப்பித்தார்கள். ஒரு நாள் இரண்டு ஒலிகளை ‘ஆ’காரமாகப் பாடிக் காட்டி, எது மேலே, எது கீழே என்று கேட்டேன். பாதி வகுப்பு பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தது. சுரத்தின் பெயர் நாக்கில் ஏறியிருந்ததே தவிர, சுரம் காதில் ஏறவில்லை. அது அந்தக் குழந்தைகளின் குறை இல்லை. நான் தேர்ந்த வரிசையின் குறை.

கருவி வழிக்கு மூலவர் ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஆர்ஃப் (1895–1982). மியூனிக்கில் 1924இல் டொரோதே குந்தரோடு சேர்ந்து தொடங்கிய பள்ளியில் பிறந்த சிந்தனை அது. குனில்ட் கீட்மனின் கூட்டுழைப்பில் வளர்ந்து, 1948இல் பவேரிய வானொலியில் குழந்தைகளுக்கான ஒலிபரப்பாகி, பிறகு 1950 முதல் 1954 வரை ஐந்து தொகுதிகளாக அச்சேறியது. மரக்கட்டைகளையும் உலோகத் தகடுகளையும் வரிசையாக அடுக்கிய அந்தக் கருவிகளில், வேண்டாத சுரத்தின் கட்டையைக் கழற்றி வைத்துவிடலாம் என்பது மிக நுட்பமான ஏற்பாடு. ஐந்து சுரத்தை மட்டும் விட்டு வைத்தால் குழந்தை எதைத் தட்டினாலும் காதுக்கு இனிதாகவே இருக்கும், தப்பு செய்யும் பயமே எழாது. ஆனால் ஒரு வகுப்புக்கு ஆளுக்கொன்று வேண்டாம், மூவருக்கு ஒன்று என்றாலும் பத்துப் பன்னிரண்டு கருவிகள் வேண்டும். வைத்துப் பூட்ட அலமாரி வேண்டும். எடுத்து வைத்துத் திரும்ப அடுக்குவதிலேயே 40 நிமிடத்தில் கால் பங்கு போய்விடும். அதைவிட முக்கியமாக, தகட்டின் சுருதி நிலையானது, அதில் சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் பிறக்காது. குரலால் வளைந்து பாடும் ஒரு மரபில் பிறந்த குழந்தையின் காதுக்கு முதல் ஆசான் தகடாக இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். ஆர்ஃபிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: கைதட்டு, தொடைதட்டு, கால்மிதி ஆகியவற்றால் ஒரு சிறு தாளக்கட்டை விடாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கவைத்து, அதன் மேல் பாட்டை மிதக்கவிடும் உத்தி. அதற்கு ஒரு ஜோடி கோலாட்டக் கோல், ஒரு ஜால்ரா, நன்றாகத் தேய்த்த கொட்டாங்குச்சிகள் போதும்.

காணொலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செலவில்லை, ஏற்பாடில்லை, குழந்தைகள் அமைதியாக இருப்பார்கள். அந்த அமைதியே எனக்குச் சம்மதமில்லை. திரையிலுள்ள பாட்டு வகுப்பின் குரலுக்காகச் சுருதியை இறக்காது, தடுமாறுகிற பிள்ளைக்காகக் காலத்தைக் குறைக்காது, யார் பாடுகிறார்கள், யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று கேட்காது. மெட்டு தெரியாத ஆசிரியர் முந்தின நாள் வீட்டில் கேட்டுப் பழகிக்கொள்ள அது உதவும். அந்த அளவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி விளையாட்டுப் பாட்டு. இதைப் பாடத்திட்டமாக்கிக் காட்டிய பெருமை ஹங்கேரிக்கு உரியது. இசையமைப்பாளர் ஸோல்டான் கோடாய் (1882–1967), 1905 முதல் கிராமம் கிராமமாகச் சென்று நாட்டுப்பாடல்களைத் திரட்டியவர். பேலா பார்டோக்கும் அந்த வேலையில் அவருக்குத் துணை. பள்ளிக் குழந்தைகளுக்குத் தரமற்ற பாட்டைக் கொடுப்பதைக் கண்டித்து 1929இல் குழந்தைகளின் சேர்ந்திசை பற்றிக் கட்டுரை எழுதினார். அவருடைய கொள்கைகளை ஆசிரியர் கையில் கொடுக்கும் வழிகாட்டியாக 1944இல் எழுதியவர் யெனோ ஆதாம். கோடாய் பிறந்த கெச்கெமேத் நகரில், 1950இல், நாள்தோறும் பாட்டு வகுப்பு நடக்கும் தொடக்கப் பள்ளி திறந்தது. அடுத்த ஆண்டு ஹங்கேரிய நாட்டுப்பாடல் பெருந்தொகுப்பின் முதல் தொகுதி வெளிவந்தபோது, அது முழுக்க முழுக்கக் குழந்தைகளின் விளையாட்டுப் பாட்டுகளாகவே இருந்தது. ஒரு நாட்டின் இசைக் கருவூலத்தை அச்சிடத் தொடங்கும்போது முதல் இடத்தைத் தெருவில் ஓடும் குழந்தைக்குக் கொடுத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கோடாய் முறையில் உள்ள கருவிகள் எல்லாம் ஹங்கேரியில் முளைத்தவையும் அல்ல. சுரத்துக்கு ஒரு கைச்சைகை என்பது இங்கிலாந்தின் ஜான் கர்வெனிடமிருந்தும், தாள அளவுக்கு ஓர் ஒலிப்பெயர் என்பது பிரான்சின் ஷெவேயிடமிருந்தும் வந்தவை. அவருக்கே உரியது இரண்டு: குழந்தை தன் இசைத் தாய்மொழியில் தொடங்க வேண்டும் என்ற பிடிவாதம், பாட்டில் முதலில் வாழவிட்டு, பிறகே பெயரும் எழுத்தும் தர வேண்டும் என்ற ஒழுங்கு. ஆகவே கோடாய் முறை என்று பெயர் சொல்லிக்கொண்டு சேலத்திலோ மதுரையிலோ உள்ள குழந்தைக்கு ஐரோப்பியச் சிறுவர் பாட்டுகளைக் கொடுப்பது கோடாய்க்கே எதிரான காரியம்.

நமக்கு இதில் ஒரு வசதி காத்திருக்கிறது. ஐரோப்பியர் தங்கள் முதல் சுரமான ‘தோ’ எந்தச் சுருதியிலும் நிற்கலாம் என்பதைப் பாடுபட்டு நிலைநாட்ட வேண்டியிருந்தது. நம் ஷட்ஜமம் என்றைக்கும் அப்படித்தான் இருந்து வருகிறது. அவர்கள் வகுப்பில் முதலில் வரும் ‘சொ–மி’ என்ற இறங்கு இடைவெளி நம் மோகன ராகத்தின் ப–க. அடுத்துச் சேரும் ‘லா’ நம் த. பிறகு ‘தோ’, ‘ரே’ சேர்ந்து முடியும் ஐந்து சுரக் கூட்டம் அப்படியே ஸரிகபத, அதாவது மோகனம். அரைச்சுரமே இல்லாத ராகம். எல்லையும் ஷட்ஜமத்திலிருந்து தைவதம் வரைதான். முதல் வகுப்புக் குரல் எங்கே சுகமாக நிற்கிறதோ, அங்கேயே பாடம் நிற்கிறது. தாளத்துக்கோ நம் சொற்கட்டு இருக்கிறது. ஓர் அடிக்கு ஒரு ‘தா’, அதே அடிக்குள் இரண்டு விழுந்தால் ‘தக’. மூன்று விழும் கும்மி நடைக்குத் ‘தகிட’. ஒன்றையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. கைச்சைகையை மட்டும் நான் கொண்டுவருவதில்லை. நம் மரபில் கை தாளத்துக்குச் சொந்தம். சுரத்துக்கும் அதையே கொடுத்தால் மூன்றாம் வகுப்பில் தாளம் போடும்போது குழப்பம் வரும். அதற்குப் பதிலாக ஸ முழங்காலில், க இடுப்பில், ப தோளில், த தலையில் என்று உடம்பைத் தொட்டுக் காட்டுவது போதும்.

விளையாட்டு உண்மையில் எதைக் கற்றுத்தருகிறது என்பதை அருகில் சென்று பார்த்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். ‘பூப்பறிக்க வருகிறோம்’ விளையாட்டில் இரண்டு வரிசைகள் எதிரெதிரே கைகோத்து நிற்கின்றன. ஒரு வரிசை பாடிக்கொண்டே முன்னே வந்து பின்வாங்குகிறது. ‘எந்த மாதம் வருகிறீர்கள்’ என்று கேட்டபடி மற்ற வரிசை வருகிறது. ஆசிரியர் செய்ய வேண்டியது, போக நான்கு அடி, வர நான்கு அடி என்று வரையறுப்பது மட்டுமே. காலம் ஓடினால் வரிசை வளைந்து, கோத்த கைகள் இழுபடும். பின்னால் நிற்கும் பிள்ளையே ‘மெதுவாடி’ என்று அதட்டும். உட்கார்ந்து பாடும் வகுப்பில் 35 பேரில் யாருக்குக் காலப்பிரமாணம் (சீரான வேகம்) நிற்கவில்லை என்று என் காதால் பிரித்தறிய முடிந்ததில்லை. இங்கே 70 கால்கள் கண்முன்னே சொல்லிவிடுகின்றன.

‘குலை குலையாய் முந்திரிக்காய்’ வேறு வேலை செய்கிறது. வட்டத்தைச் சுற்றி ஓடும் பிள்ளை தனியாக ஓர் அடியைப் பாட, உட்கார்ந்திருப்பவர்கள் ‘நரியே நரியே சுற்றி வா’ என்று பதில் பாடுகிறார்கள். எழுந்து நின்று தனியாகப் பாடு என்றால் அழுதுவிடும் குழந்தை, கையில் துணியோடு ஓடும்போது தனியாகப் பாடுவதை உணர்வதே இல்லை. இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி ஆறு மாதமாக ஒரே சுரத்தில் முனகுவதாகவே நான் நினைத்திருந்தேன். அவள் முறை வந்த நாளில், யாரிடம் துணியைப் போடுவது என்ற யோசனையிலேயே மூழ்கி, வகுப்பின் சுருதிக்குப் பிசகாமல் அந்த அடியைப் பாடி முடித்தாள். கூட்டத்துக்குள் தன் குரலைக் கேட்க முடியாத குழந்தையாக அவள் இருந்திருக்கிறாள். என் குறிப்பேட்டில் அவளைப் பற்றி எழுதியிருந்ததை அன்று மாற்றினேன்.

மூன்றாவது, ‘ஒரு குடம் தண்ணீர் ஊற்றி’. இருவர் கைகளை உயர்த்தி வளைவாக நிற்க, மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதற்குள் புகுந்து வருகிறார்கள். குடமும் பூவும் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போவதால், இது கணக்குக்கும் பயன்படும். 2022இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் வகுப்புகளில் பாட்டும் ஆட்டமும் எழுத்தையும் எண்ணையும் சுமந்து வருவதை ஆசிரியர்கள் அறிவார்கள். அது நல்ல பயன்தான், ஆனால் இசை வகுப்பின் பயன் வேறு. இந்த விளையாட்டில் நான் ஒன்றைச் சேர்ப்பேன். நான் கையை மூடினால் பாட்டு வாய்க்குள் போய்விட வேண்டும், நடை மட்டும் தொடர வேண்டும். கையைத் திறந்தால் எந்தச் சொல்லுக்குப் பாட்டு வந்து சேர்ந்திருக்குமோ அந்தச் சொல்லில் எல்லாரும் சேர்ந்து பாட வேண்டும். முதல் வாரம் ஆளுக்கொரு சொல்லில் வெடிப்பார்கள். ஐந்தாறு வகுப்புக்குள், திறந்த கைக்கு 30 குரல்கள் ஒரே சொல்லில், அதே சுருதியில் வந்து இறங்கும். ஒலிக்காத பாட்டை மனத்துக்குள் கேட்கும் அந்தத் திறமைதான் பின்னாளில் சுரம் எழுதவும், உடனுக்குடன் புனையும் கற்பனைசுரம் பாடவும் அடிப்படை. சரளி வரிசையை ஆறு மாதம் ஒப்பித்த என் முதல் வகுப்பில் இல்லாமற்போனதும் இதுவே.

குழந்தைகளையே சுரங்களாக்கி ஆடவைப்பது நமக்குப் புதிதும் அன்று. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில், மாதரி ஏழு பெண்களை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழிசையின் பெயர்களையே அவர்களுக்குச் சூட்டிக் கைகோத்து ஆடவைக்கிறாள். இரண்டாம் வகுப்பின் இறுதியில் ஐந்து பிள்ளைகளை ஸரிகபத என்று நிறுத்தி, நான் யார் தலையைத் தொடுகிறேனோ அந்தச் சுரத்தை வகுப்பு பாட வேண்டும் என்று விளையாடும்போது, அந்த ஆயர்சேரி முற்றம் என் நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

இந்த வழியின் கடினங்களை மறைக்கக் கூடாது. முதலில் ஓசை. பக்கத்து வகுப்பில் கணக்குத் தேர்வு நடந்தால் பூப்பறிக்கப் போக முடியாது. பாடவேளையைக் கால அட்டவணை போடும்போதே யோசித்து வாங்க வேண்டும். அடுத்து ஆசிரியரின் குரல். ஆண் ஆசிரியர் தன் இயல்பான ஸ்தாயியில் பாடினால், குழந்தைகளுக்கு அது ஒரு ஸ்தாயி கீழே கேட்கும். சிலர் அங்கேயே இறங்கப் பார்த்து முனகலாகிவிடுவார்கள். நன்றாகப் பாடும் ஒரு பிள்ளையை முதலில் பாடவிட்டு மற்றவர்களை அதைப் பின்பற்றச் செய்வது இதற்கு நல்ல வழி. மூன்றாவது, ‘அவுட்’ ஆகும் விளையாட்டுகள். தாளம் தப்பியவர் வெளியே போக வேண்டும் என்ற விதியில், யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ அவரே ஓரமாய் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். பிடிபட்டவர் அணி மாறும், அல்லது நடுவில் நின்று தாளம் தட்டும் விளையாட்டுகளாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். சொற்களையும் பார்க்க வேண்டும். நிறத்தையும் உடலையும் கேலி செய்யும் வரிகள் பழைய விளையாட்டுப் பாட்டுகளில் உண்டு, அவற்றை வகுப்புக்குள் விடக் கூடாது. மெட்டு ஊருக்கு ஊர் மாறும் என்பதால், குழந்தைகள் ஏற்கெனவே பாடிவரும் மெட்டைக் கேட்டுவிட்டு அதிலிருந்து தொடங்குவதே முறை. பாதி பேச்சாக இருக்கும் பாட்டைத் தாளத்துக்கு வைத்துக்கொண்டு, ப–க இறக்கம் தெளிவாக விழும் பாட்டைச் சுரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நான் தொடக்கத்தில் சொன்ன நிபந்தனை இங்கேதான் வருகிறது. இன்று ஆடும் விளையாட்டு எதைக் கற்றுத்தருகிறது என்று ஆசிரியருக்கு வகுப்புக்குள் நுழையும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்: இந்த வாரம் காலப்பிரமாணம், வரும் வாரம் மேல்–கீழ், அதற்கடுத்த வாரம் ‘தா’வும் ‘தக’வும். அந்தத் தெளிவு இல்லாமல் ஆடும் பாட்டு, குழந்தைகள் தெருவில் தாங்களே ஆடிக்கொள்வதைவிட மோசமானது, ஏனென்றால் தெருவில் ஆசிரியரின் அதட்டல் இல்லை. இந்தத் திட்டத்தை எழுத நேரமோ விருப்பமோ இல்லாத பள்ளி, நல்ல சாரீரமுள்ள ஓர் ஆசிரியையை வைத்துச் சரளி வரிசையையே 2 கட்டையில், ஸ முதல் ப வரை சுருக்கிச் சொல்லிக்கொடுக்கட்டும். நஷ்டம் குறைவாக இருக்கும்.

மற்றப் பள்ளிகளுக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது. ஒன்றாம் வகுப்பு முழுவதும் விளையாட்டுப் பாட்டு. சுரப் பெயரே வேண்டாம், ‘தா’வும் ‘தக’வும் மட்டும் போதும். இரண்டாம் வகுப்பில் தெரிந்த பாட்டுகளிலிருந்தே ப, க, பிறகு த, ஸ, ரி என்று பெயர் வெளிவர வேண்டும். மூன்றாம் வகுப்பில் மோகனத்தில் சிறு வரிசைகள், தாளம் போடும் பழக்கம்; நான்காம் வகுப்பு ஜூனில் மாயாமாளவகௌளையும் சரளி வரிசையும். பெற்றோர் ‘எப்போது பார்த்தாலும் விளையாடுகிறார்களே’ என்று கேட்பார்கள். ஆண்டு விழா மேடையைவிட, அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு நாள் அவர்களை வகுப்புக்கே அழைத்து, மூடிய கைக்குப் பாட்டு மறைந்து திறந்த கைக்கு ஒரே சொல்லில் திரும்புவதைக் காட்டிவிடுவது நல்லது. வாரத்துக்கு ஒரே ஒரு பாடவேளைதான் கிடைக்கும் என்றால், சுரப் பெயர்களை மூன்றாம் வகுப்புக்குத் தள்ளிவிட்டு, முதல் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலே சொன்ன மூன்று விளையாட்டுகளோடு ஒரு கும்மியையும் மாற்றி மாற்றி ஆடினால் போதும்.